ஏரிநகரமும் அண்டை அரசுகளும்

மெக்சிகோ பள்ளத்தாக்கில் தெனோச்தித்லான் என்னும் ஏரிநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் கோலோச்சிய அரசை உலகம் அஸ்டெக் பேரரசு என்று அறிகிறது. அந்நகரத்தார் தங்களை மெஷிகர் என்றே அழைத்துக்கொண்டனர்; தம் முன்னோர் புறப்பட்டு வந்ததாக அவர்கள் நம்பிய அஸ்த்லான் என்னும் புராண நாட்டை ஒட்டி அமைந்த 'அஸ்டெக்' என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டில்தான் நூல்களில் பெருவழக்காயிற்று. பொதுமக்களுக்கான நூல்களில் பெரும்பாலானவை இவ்வரசைச் சூழலிலிருந்து பிரித்தெடுத்து, நரபலியில் திளைத்த தனியொரு நாடாகவும், சில நூறு ஸ்பானியர் வந்ததும் சரிந்து விழுந்த நாடாகவும் காட்டிவிடுகின்றன. இச்சொற்பொழிவின் கருத்து அதற்கு மாறானது: மெஷிகரின் எழுச்சியும், அவர்தம் தெய்வக் கதைகளும், செல்வமும், வீழ்ச்சியும், அவர்களைப் பற்றி இன்று நம் கைக்குக் கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகளும் அண்டை மக்களைச் சேர்த்துப் பார்த்தாலன்றிப் பொருள் விளங்காதவை.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், எரிமலைகள் சூழ்ந்த அப்பள்ளத்தாக்கில் ஐந்து ஏரிகள் ஒன்றோடொன்று தொடர்புற்றுக் கிடந்தன. தெற்கிலிருந்த சோச்சிமில்கோ, சால்கோ ஏரிகள் ஊற்றுநீரால் நிறைந்த நன்னீர் ஏரிகள். நடுவிலிருந்த தெஸ்கோகோ ஏரியோ உவர்நீர் கொண்டது. வடக்கிலிருந்து குழுகுழுவாகக் குடிபெயர்ந்து வந்த நாவாட் மொழி பேசும் மக்கள் ஏரிக்கரைகளில் நகர அரசுகளை அமைத்துக் கொண்ட பிறகு, கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் மெஷிகர். நல்ல நிலமெல்லாம் பிறர் கையில் இருந்தமையால், தெஸ்கோகோ ஏரியின் மேற்குப் பகுதியிலிருந்த சதுப்புத் தீவொன்றே அவர்களுக்கு வாய்த்தது. கள்ளிச்செடியின்மேல் கழுகு அமர்ந்திருக்கக் கண்ட இடத்தில் நகரமைக்குமாறு தெய்வம் பணித்தது என்பது அவர்கள் மரபு. அதற்கு மரபாகக் கூறப்படும் ஆண்டு 1325. அக்கழுகும் கள்ளியும் இன்று மெக்சிகோ நாட்டுக் கொடியில் இடம்பெற்றுள்ளன. தொடக்கத்தில் அவர்கள் சுதந்திர மக்கள் அல்லர். மேற்குக் கரையில் வலிமை பெற்றிருந்த அஸ்காபோட்சால்கோ என்னும் தெபனெக்கர் நகருக்குத் திறை கட்டியும், அந்நகருக்காகக் கூலிப்படையாகப் போரிட்டும் ஒரு நூற்றாண்டைக் கழித்தனர்.

1426இல் அஸ்காபோட்சால்கோவின் முதிய அரசன் தெசோசோமோக் இறந்து, அரியணைப் போட்டி மூண்டபோது நிலைமை தலைகீழாயிற்று. மெஷிகரின் அரசன் இட்ஸ்கோவாட், கிழக்குக் கரையிலிருந்த தெஸ்கோகோவின் இளவரசன் நெசவல்கோயோட்டுடனும் தெபனெக்கர் நகரங்களிலேயே ஒன்றான தலாகோபானுடனும் கைகோத்து, 1428இல் அஸ்காபோட்சால்கோவை வீழ்த்தினான். மூன்று நகரங்களின் இக்கூட்டணியே பின்னாளில் பேரரசு எனப்பட்டது. ஆகவே அது பிறக்கும்போதே ஒரு நகரத்தின் அரசாக இல்லை. கூட்டாளிகளின் அரசாகவே இருந்தது.

வெற்றிக்குப் பின் இட்ஸ்கோவாட் செய்த செயலொன்று வரலாற்று மாணவர் அனைவரும் நின்று கருதத்தக்கது. பழைய காலத்தைக் கூறும் ஓவியச் சுவடிகளை அவன் எரிக்கச் செய்தான். பொதுமக்கள் அவற்றை அறிவது தகாது என்பதும், அவற்றில் பொய்கள் மலிந்திருந்தன என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். நேற்றுவரை திறை கட்டிய ஒரு மக்கள் கூட்டம், அரசாளும் தகுதி தமக்குத் தொன்றுதொட்டே உண்டு என்று காட்ட வேண்டியிருந்தது. எனவே அவர்கள் தங்களைத் தொல்தெக்கர் என்னும் பழம்பெரும் மக்களின் வழித்தோன்றல்களாக நிறுவிக்கொண்டனர். துலா நகரில் ஆண்ட தொல்தெக்கர், நாவாட் மரபில் கலைகள் அனைத்துக்கும் ஊற்றுக்கண்ணாகப் போற்றப்பட்டவர்கள். அவர்களின் குருதி கலந்ததாகக் கருதப்பட்ட குல்வாகான் அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்டதன் மூலமே மெஷிகரின் முதல் மன்னன் அகமாபிச்தலி அரியணைத் தகுதி பெற்றான். மெஷிகரின் பெருமை அண்டை வீட்டிலிருந்து பெண்ணெடுத்து வந்த பெருமை என்றால் அது மிகையன்று.

தெய்வக் கதைகளிலும் இதே இயல்பைக் காணலாம். தெனோச்தித்லானுக்கு வடகிழக்கே இடிபாடுகளாய்க் கிடந்த தெயோத்திவாகான், மெஷிகர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்ட மாநகரம். சுமார் 65 மீட்டர் உயரமுள்ள அதன் சூரியப் பிரமிடைக் கட்டியவர்கள் எம்மொழி பேசினர் என்பதுகூட மெஷிகருக்குத் தெரியாது. ஆயினும் உலகின் இன்றைய ஊழி தொடங்கிய இடம் அதுவே என்று அவர்கள் நம்பினர். அவர்கள் கணக்கில் உலகம் இதற்கு முன் நான்கு முறை படைக்கப்பட்டு நான்கு முறை அழிந்தது. ஓர் ஊழியின் மக்களை ஜாகுவார்கள் தின்றன. மற்றொன்று பெருங்காற்றில் அழிய, எஞ்சியோர் குரங்குகளாயினர். இன்னொன்று நெருப்பு மழையிலும் பிறிதொன்று வெள்ளத்திலும் மறைந்தன. இவற்றின் வரிசை மூலத்துக்கு மூலம் வேறுபடுகிறது. அவ்வேறுபாடே ஒவ்வொரு நகரமும் கதையைத் தன்வழியில் சொல்லிவந்தது என்பதற்குச் சான்று.

ஐந்தாம் சூரியன் பிறந்த கதை அப்புராணங்களுள் மிக ஆழமானது. இருள் சூழ்ந்த உலகில் தேவர்கள் தெயோத்திவாகானில் கூடித் தீ வளர்த்து, அதில் பாய்ந்து சூரியனாக எழுபவர் யார் என்று கேட்டனர். செல்வமும் செருக்கும் மிக்க தெகுசிஸ்தெகாட் முன்வந்தான். உடலெங்கும் புண் நிறைந்த ஏழைத் தேவன் நானாவாட்சின்னையும் தேவர்கள் தேர்ந்தனர். முன்னவன் விலைமதிப்பற்ற இறகுகளையும் பவளத்தையும் காணிக்கை வைத்தான். பின்னவனிடம் நாணலும், தன் குருதி தோய்ந்த முட்களும், புண்ணின் பொருக்குகளுமே இருந்தன. நேரம் வந்தபோது செல்வன் நான்கு முறை தீயை நோக்கி ஓடி நான்கு முறையும் வெப்பம் தாளாது பின்வாங்க, நானாவாட்சின் கண்ணை மூடிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் குதித்துச் சூரியனானான். நாணமுற்ற மற்றவனும் பின்னரே பாய்ந்தான். அவனும் அதே ஒளியோடு எழவே, தேவர்கள் ஒரு முயலை அவன் முகத்தில் வீசியெறிந்து ஒளியை மங்கச் செய்தனர். நிலவில் தெரியும் முயற்கறைக்கு மெஷிகர் தந்த விளக்கம் இதுவே. அதன் பிறகும் சூரியன் வானில் அசையாது நின்றது. தேவர்கள் அனைவரும் தம்மையே பலியாகத் தந்த பின்னர்தான் அது நகரத் தொடங்கியது. மனிதர் பிறந்த கதையும் இதற்கு இயைந்தது: கெட்சல்கோவாட் என்னும் தேவன் பாதாளத்துக்குச் சென்று முந்தைய ஊழி மக்களின் எலும்புகளைக் கொணர்ந்தான், அவற்றை மாவாக அரைத்து, தேவர்கள் தம் குருதியை அதில் சொரிந்து மனிதரை உருவாக்கினர்.

நரபலி பற்றிய எந்த ஆய்வும் இக்கதைகளிலிருந்தே தொடங்க வேண்டும். தேவர்கள் உயிர் ஈந்து இயக்கிய உலகுக்கு மனிதர் கடன்பட்டவர்கள், அக்கடனைக் குருதியால் தீர்க்க வேண்டும் என்பது அச்சமயத்தின் உள்ளீடு. இவ்விளக்கம் அக்கொடுமையை நியாயமாக்கிவிடாது. மெஷிக அரசு அந்த நம்பிக்கையைத் தன் வலிமையைப் பறைசாற்றும் கருவியாகவும் வளர்த்துக்கொண்டது. 1487இல் அவிட்சோட் என்னும் அரசன் பெருங்கோயிலை விரிவுபடுத்தித் திறந்தபோது 80,000 பேர் பலியிடப்பட்டனர் என்று பிற்காலக் குறிப்புகள் கூறுவதை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை; சில நாட்களுக்குள் அத்தனை பேரைப் பலியிடுதல் இயலாது. ஆனால் பலியே நிகழவில்லை, எல்லாம் ஸ்பானியரின் கட்டுக்கதை என்று சொல்வோர்க்கும் இடமில்லை. 2015 முதல் மெக்சிகோ நகரின் குவாத்தமாலா தெருவில் நடந்த அகழாய்வில் மண்டையோட்டுக் கோபுரம் ஒன்று வெளிப்பட்டு, ஆண்கள் மட்டுமின்றிப் பெண்கள், குழந்தைகள் ஆகியோருடைய 600க்கு மேற்பட்ட மண்டையோடுகள் அதில் கண்டறியப்பட்டன. பலியானோரில் பெரும்பாலோர் அண்டை நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் என்பதே பிற்கால நிகழ்ச்சிகளுக்குத் திறவுகோல்.

பெருங்கோயிலின் உச்சியில் இரு சன்னதிகள் இருந்தன. ஒன்று மழைக்கடவுள் தலாலோக்குக்கு உரியது. அவன் அப்பள்ளத்தாக்கின் உழவர் அனைவரும் மெஷிகர் வருமுன்பே வணங்கி வந்த தொல்தெய்வம். மற்றொன்று மெஷிகரின் குலதெய்வமும் போர்க்கடவுளுமான உயிட்சிலோபோச்தலிக்கு உரியது. கோவாதெபெக் என்னும் பாம்பு மலையில் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த கோவாட்லிக்கே என்னும் தாய், மேலிருந்து விழுந்த இறகுப் பந்தொன்றை மடியில் செருகிக்கொண்டதால் கருவுற்றாள். அதை இழுக்கெனக் கருதிய மகள் கோயோல்ஷாவ்கி, தன் உடன்பிறந்தோர் நானூறு பேருடன் தாயைக் கொல்லப் புறப்பட்டாள். அவர்கள் மலையேறிய கணத்தில் போர்க்கோலத்துடன் பிறந்த உயிட்சிலோபோச்தலி அக்காளின் தலையைத் துணித்து உடலை மலையிலிருந்து உருட்டிவிட்டான். 1978 பிப்ரவரியில் மின்வாரியத் தொழிலாளர்கள் தெருவைத் தோண்டியபோது, உறுப்புகள் சிதறிய கோயோல்ஷாவ்கியின் உருவம் செதுக்கப்பட்ட, மூன்று மீட்டருக்கு மேல் விட்டமுள்ள வட்டக் கல் வெளிப்பட்டது. அது கிடந்த இடம் உயிட்சிலோபோச்தலியின் சன்னதிக்கு ஏறும் படிக்கட்டின் அடிவாரம். கோயிலே பாம்பு மலையாகக் கட்டப்பட்டது என்று, அகழாய்வுக்குத் தலைமை தாங்கிய எதுவார்தோ மாதோஸ் மொக்தெசுமா விளக்கினார். அக்கோயிலின் காணிக்கைக் குழிகளில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமையுடைய ஒல்மெக் முகமூடி ஒன்றும் தெயோத்திவாகான் கலைப்பொருள்களும் கிடைத்துள்ளன. தம்முடையதல்லாத தொன்மையைத் தேடித் திரட்டிக் கோயிலின் அடியில் வைத்து வழிபட்ட அம்மக்களின் வரலாற்றுத் தாகம் வியப்புக்குரியது.

நகரத்தை வாழவைத்தது நீர். ஆழமற்ற ஏரிப் பகுதியில் கழிகளை நட்டு, சேற்றையும் நீர்த்தாவரங்களையும் அடுக்கடுக்காகக் கொட்டி உயர்த்திய நீண்ட மேட்டுப்பாத்திகள் சினாம்பா எனப்பட்டன. அவற்றின் ஓரங்களில் நட்ட வில்லோ மரங்களின் வேர்கள் கரையை இறுக்கிப் பிடித்தன. இடையே ஓடிய கால்வாய்களின் அடிச்சேற்றை வாரிப் பாத்தியில் இடுவதால் மண் வளம் குன்றவில்லை. நாற்றங்காலில் வளர்ந்த நாற்றுகளை மாற்றி மாற்றி நட்டு ஓராண்டில் பல போகம் எடுத்தனர். மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் தண்டுக்கீரை விதையும் அவற்றில் விளைந்தன. இன்று தமிழர் சமையலில் பிரிக்க முடியாத மிளகாயும் தக்காளியும் இந்நடு அமெரிக்க உழவர் பயிரிட்டு வளர்த்த செடிகளே. எனினும் இத்தொழில்நுட்பத்தின் முன்னோடிகள் தெற்கிலிருந்த சோச்சிமில்கோ, சால்கோ மக்கள். மெஷிகர் அவர்களை வென்று விளைச்சலைத் தம் நகருக்குத் திருப்பிக்கொண்டனர். உவர்நீர் நகரைச் சூழாதபடி ஏரியின் குறுக்கே சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுப்பப்பட்ட அணை, தெஸ்கோகோவின் நெசவல்கோயோட் வகுத்துத் தந்தது. குடிநீர் சாபுல்தெபெக் குன்றின் ஊற்றுகளிலிருந்து நீர்ப்பாலம் வழியே வந்தது.

செல்வம் திறையாக வந்தது. 1540களில் உருவாகி, ஸ்பானிய ஆளுநர் மெந்தோசாவின் பெயரால் வழங்குவதும் இன்று ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருப்பதுமான ஓவியச் சுவடி ஒன்று, 30க்கும் மேற்பட்ட மாகாணங்கள் கட்டிய திறையைப் பக்கம் பக்கமாக வரைந்து காட்டுகிறது: பருத்தி ஆடைப் பொதிகள், போர்வீரர் உடைகள், கக்காவோ விதை மூட்டைகள், பச்சைக்கல் மணிகள், வெப்ப நாட்டுப் பறவைகளின் இறகுகள், சாம்பிராணி போன்ற கோபால் பிசின், தேன் குடங்கள். பருத்தியும் கக்காவோவும் மேட்டுநிலத்தில் விளையாதவை; கக்காவோ விதை சந்தையில் சில்லறைக் காசாகவே புழங்கியது. வென்ற ஊர்களில் மெஷிகர் பெரும்பாலும் ஊரின் பழைய அரசர்களையே ஆளவிட்டு, திறை வசூலிக்கும் அதிகாரிகளை மட்டும் அமர்த்தினர். நிலையான படையும் நேரடி ஆட்சியும் இல்லாத இவ்வமைப்பு செலவு குறைந்தது. ஆனால் அடங்கியிருந்த ஊர்கள் எல்லாம் தத்தம் அரசரும் தத்தம் பகையும் மாறாமல் காத்திருந்தன. அதே சுவடியின் மூன்றாம் பகுதி இல்வாழ்வைக் காட்டுகிறது. 3 வயதுக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு அரை மக்காச்சோள ரொட்டி என்றும், 13 வயதில் இரண்டு என்றும் அளவு குறித்திருப்பதும், அடங்காத 11 வயதுச் சிறுவனை மிளகாய்ப் புகையில் தந்தை காட்டித் தண்டிப்பதும், பேரரசு என்னும் பெரும்பெயரின் உள்ளே வாழ்ந்த குடும்பங்களை அருகில் கொண்டு வருகின்றன.

அடங்காத அண்டை நாடுகளும் இருந்தன. மேற்கே பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையில் சின்சுன்சானைத் தலைநகராகக் கொண்ட புரெபெச்சர், வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி பேசியவர்கள். செம்பையும் வெண்கலத்தையும் வார்ப்பதில் நடு அமெரிக்காவில் அவர்களுக்கு ஈடில்லை. 1470களின் இறுதியில் மெஷிக மன்னன் அஷாயாகாட் அவர்கள்மீது படையெடுத்துப் பெருந்தோல்வி கண்டு, எஞ்சிய சிறு படையுடன் திரும்பினான். அதன்பின் இரு பேரரசுகளும் எல்லையில் கோட்டைகள் எழுப்பி ஒன்றையொன்று கண்காணித்து வந்தன. தெற்கே மிஷ்தெக்கரின் பொற்கொல்லர்கள் நடு அமெரிக்கா எங்கும் புகழ்பெற்றிருந்தனர். 1932இல் அல்போன்சோ காசோ மோந்தே அல்பானின் 7ஆம் கல்லறையில் கண்டெடுத்த பொன்னணிகள் அவர்தம் கைத்திறனுக்குச் சாட்சி.

கிழக்கிலிருந்த தலாஸ்காலாவின் நிலை வேறு. அரசர் என ஒருவர் இன்றி, நான்கு சிற்றரசுகளின் அவையால் ஆளப்பட்ட அந்நாடு மெஷிகரின் ஆட்சிப்பகுதியால் நாற்புறமும் சூழப்பட்டு, உப்பும் பருத்தியும் கிட்டாமல் தலைமுறைகளாக நெருக்குண்டது. இரு தரப்பும் காலமும் இடமும் குறித்துக்கொண்டு நடத்திய 'பூப்போர்' எனப்படும் போர்களைப் பலிக்கான கைதிகளைப் பிடிக்கும் சடங்காகவே மெஷிகர் விவரித்தனர். தாம் விரும்பியிருந்தால் தலாஸ்காலாவை எப்போதோ வென்றிருப்போம் என்றும் கூறினர். அழிக்க முடியாத பகைவனைப் பற்றி வல்லரசு சொல்லிக்கொள்ளும் சமாதானமாகவும் அதைக் கொள்ள இடமுண்டு.

1519இல் எர்னான் கோர்தெஸ் சுமார் 500 வீரருடன் கரையிறங்கியபோது அவனை முதலில் வரவேற்றவர்கள் திறைச்சுமையில் வெறுப்புற்றிருந்த செம்போவாலா நகரின் தொதோனாக்கர். தலாஸ்காலர் அவனைப் போர்முனையில் சந்தித்து, வெல்ல அரிதெனக் கண்ட பின் அவையில் ஆராய்ந்து நட்புக் கொண்டனர். அடிமையாக வழங்கப்பட்டு, நாவாட்டும் மாயா மொழியும் அறிந்திருந்த மலின்ட்சின் என்னும் இளம்பெண் இவ்வுடன்பாடுகளுக்கெல்லாம் நாவாக இருந்தாள். இதன்பின் தெனோச்தித்லானுக்குள் புகுந்து, 1520 ஜூன் 30 இரவில் அங்கிருந்து விரட்டப்பட்ட ஸ்பானியர் உயிர் தப்பிச் சேர்ந்த இடம் தலாஸ்காலாவே. நகரை முற்றுகையிடும் ஏரிப்போருக்கான 13 கப்பல்களின் பலகைகள் அங்கே அறுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான தலாஸ்காலரின் தோளில் மலை கடந்து தெஸ்கோகோ வந்து சேர்ந்தன. கூட்டணியின் தூணாயிருந்த தெஸ்கோகோவிலேயே அரச குடும்பம் பிளவுபட்டு ஒரு பிரிவு முற்றுகையாளரோடு சேர்ந்திருந்தது. இடையில் பரவிய பெரியம்மை மன்னன் குயித்லாவாக் உட்பட எண்ணற்றோரைக் கொன்றது. குடிநீர்ப் பாதை துண்டிக்கப்பட்டு, 1521 ஆகஸ்ட் 13 அன்று நகரம் வீழ்ந்தபோது, முற்றுகையிட்டோரில் ஸ்பானியர் ஆயிரத்துக்கும் குறைவு. அண்டை நாட்டார் பல்லாயிரவர். மெஷிகர் கோர்தெஸைத் திரும்பி வந்த கெட்சல்கோவாட் என்று நம்பி ஏமாந்தனர் என்ற கதைக்கு 1519ஆம் ஆண்டுச் சான்று எதுவும் இல்லை என்பதையும், அது பல பத்தாண்டுகளுக்குப் பின் உருவானது என்பதையும் கமில்லா டவுன்செண்ட் போன்ற வரலாற்றாசிரியர்கள் தெளிவாக்கியுள்ளனர். மூடநம்பிக்கையால் வீழ்ந்த மக்கள் என்ற பழிச்சொல் இனியேனும் பாடநூல்களிலிருந்து நீங்க வேண்டும்.

வீழ்ச்சியை ஒவ்வொரு நகரமும் தன் கோணத்தில் எழுதிவைத்தது. தலாஸ்காலர் 1552 அளவில் பெரிய துணியொன்றில் போர்க்காட்சிகளை வரையச் செய்து, தம் படையுதவியை ஸ்பானிய அரசனுக்கு நினைவூட்டி உரிமைகள் கோரினர். தெனோச்தித்லானின் இரட்டை நகரான தலாதெலோல்கோவில் 1536இல் தொடங்கப்பட்ட கல்லூரியில் லத்தீன் கற்ற நாவாட் அறிஞர்கள், பெர்னார்தினோ தெ சாகூன் என்னும் துறவியுடன் பல பத்தாண்டுகள் உழைத்து, முதியோரை வினவித் தம் தாய்மொழியில் தொகுத்த 12 நூல்கள் 'பிளாரன்ஸ் சுவடி' எனப்படுகின்றன. சுமார் 2,500 ஓவியங்கள் கொண்ட அச்சுவடி, 1576ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் ஊரையே வாரிக்கொண்டிருந்த காலத்தில் எழுதி முடிக்கப்பட்டது. தெய்வங்களும் சோதிடமும் மருந்தும் பறவைகளும் அதில் அடங்கும். 12ஆம் நூல் கூறும் போர்வரலாற்றில் வீரம் தலாதெலோல்கோவினர்க்கும் பழி, கோர்தெஸ் வந்தபோது தெனோச்தித்லானை ஆண்ட மன்னன் மொக்தெசுமாவுக்கும் ஆகிறது. இட்ஸ்கோவாட் சுவடிகளை எரித்த செய்தியை நமக்குத் தருவதும் இதே தொகுப்புத்தான். அதை உருவாக்கியோருள் தலைசிறந்த அந்தோனியோ வலேரியானோ, இட்ஸ்கோவாட் வீழ்த்திய அஸ்காபோட்சால்கோவில் பிறந்தவர்; பின்னாளில் தெனோச்தித்லானின் பூர்வகுடி மக்களுக்கு ஆளுநராக 20 ஆண்டுக்கு மேல் பணியாற்றினார்.

1579இல் பிறந்த சிமால்பாயின் என்னும் வரலாற்றாசிரியர், மெஷிகர் நெடும்போருக்குப் பின் 1465இல் அடக்கிய சால்கோ நாட்டின் அமகெமேகாவைச் சேர்ந்தவர். குடும்பங்கள் பாதுகாத்து வைத்திருந்த பழஞ்சுவடிகளைத் தேடிப் படித்து, தம் ஊர் அரசர்களின் வரலாற்றோடு மெஷிக அரசர்களின் வரலாற்றையும் ஆண்டுவாரியாக நாவாட் மொழியில் எழுதினார். தம் காலத்து நிகழ்ச்சிகளையும் விடாது குறித்த அவர், மெக்சிகோ நகருக்கு வந்த ஜப்பானியத் தூதர்களைப் பற்றியும் எழுதியுள்ளார். மெஷிக அரச மரபின் ஆண்டுமுறையை வகுக்க முனையும் இன்றைய ஆய்வாளர் எவரும் இந்தச் சால்கோக்காரரின் எழுத்தைத் தவிர்க்க இயலாது. 2020ஆம் ஆண்டு மெக்சிகோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாவாட் மொழி பேசுகின்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் வாழ்வது ஏரிகள் வற்றிப்போன அப்பள்ளத்தாக்கில் அன்று, அதன் எல்லைக்கு வெளியே உள்ள புவெப்லா, வெராகுரூஸ், இதால்கோ, சான் லூயிஸ் போதோசி ஆகிய மாநிலங்களின் மலையூர்களிலேயே.